மாஸ்டர்ஸா, முதலில் வீடு வீடாக நடப்பதா?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 38 வயது. மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் 14 ஆண்டுகளாகத் தாதியாக இருக்கிறேன். டிப்ளோமாவோடு வேலைக்கு வந்து, பிறகு பகுதி நேரமாகப் பட்டமும் முடித்தேன். ஷிஃப்ட் ஓடி ஓடி உடம்பு அலுத்துவிட்டது. அதைவிட, நாங்கள் டிஸ்சார்ஜ் செய்து அனுப்பிய தாத்தா மூன்று வாரத்தில் அதே வார்டுக்குத் திரும்பி வருவதைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை. சமூகச் சுகாதாரத்துக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். "நேரா எம்பிஎச் (பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம்) படி" என்கிறார் கணவர். அட்வான்ஸ்டு டிப்ளோமாவே போதும் என்கிறாள் வார்டுத் தோழி. இங்கிலாந்தில் இருக்கும் நாத்தனார், அங்கே தாதிகள் ‘ஹெல்த் விசிட்டர்’ ஆவதற்கென்றே மேற்படிப்பு இருக்கிறது, அதைப் படி என்கிறார். எங்கள் சீனியர் ஒருவரோ, "கம்யூனிட்டியா? ரிட்டையர் ஆகப் போறவங்க போற இடமாச்சே, கைவேலையெல்லாம் மறந்துடும்" என்று சிரிக்கிறார். நான் எதைப் படிக்க வேண்டும்? சம்பளம் குறையுமா? – ஈசூன் (சிங்கப்பூர்) வாசகி

அன்புத் தங்கைக்கு,

எதைப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது திரும்பி வரும் அந்தத் தாத்தாவா, இல்லை, ஏன் இத்தனை தாத்தாக்கள் திரும்பி வருகிறார்கள் என்ற கேள்வியா? கேட்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். முதலாவது என்றால் நீங்கள் தேடுவது சமூகத் தாதிமை. அந்தத் தாத்தா வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே போகும் வேலை. இரண்டாவது என்றால் பொதுச் சுகாதாரம். அந்த அடுக்குமாடி புளோக்கையே, அந்தப் பேட்டையையே ஒரு நோயாளி போல எடுத்து வைத்துப் பார்க்கும் வேலை. நம் ஆட்கள் இரண்டையும் ‘கம்யூனிட்டி’ என்ற ஒரே சொல்லில் போட்டு அடைத்துவிடுகிறார்கள். உங்கள் கணவரும் தோழியும் மோதுவது அதனால்தான். அவர் சொல்வது இரண்டாவது வேலைக்கான படிப்பு, தோழி சொல்வது முதலாவதற்கானது.

முதலில் சீனியருடைய சிரிப்புக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானும் அதை நம்பியவள்தான். வார்டை விட்டு வெளியே வந்த புதிதில், இனிமேல் இரத்த அழுத்தம் பார்ப்பதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும்தானே என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு பாட்டி வீட்டில் உடைந்தது.

பாட்டிக்கு நீரிழிவு, காலில் புண். வாரம் இரண்டு முறை போய்க் கட்டு மாற்றுவேன். புண் சுத்தமாக இருந்தது, ஆனால் ஆறவில்லை. சர்க்கரை எப்போதும் 16, 17 மில்லிமோல் என்று உயரத்திலேயே நின்றது. "பாட்டி, ஊசி போட்டுக்கறீங்களா?" என்றால், "போட்டுக்கறேன் மிஸ்ஸி, ஒரு நாள் தவறல" என்பார். பொய் சொல்கிறவர் இல்லை. நான் அப்படியே எழுதி அனுப்பினேன், டாக்டர் இன்சுலின் அளவைக் கூட்டினார். மறுபடியும் எழுதினேன், மறுபடியும் கூட்டினார். ஒரு நாள் குடிக்கத் தண்ணீர் எடுக்கச் சொன்னார் பாட்டி. ஃப்ரிட்ஜைத் திறக்கிறேன், இன்சுலின் ஊசிப் பேனாக்களைக் காணோம். "மேல்தட்டுல பாரு" என்றார். ஃப்ரீசரில், கொடுவா மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில், கல்லாக உறைந்து கிடந்தன. "மீனே அங்க வெச்சாத்தானே கெடாம இருக்கு?" என்று கேட்டார். உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்வதை நம்ப முடியாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. யாரும் என்றால், நானும்தான்.

வயிற்றைக் கலக்கியது அடுத்து வந்த யோசனை. செத்த மருந்தை வைத்துக்கொண்டு நாங்கள் அளவை ஏற்றியிருக்கிறோம். மறுநாள் பலதுறை மருந்தகத்திலிருந்து புதுப் பேனா வந்து, அதை ஒழுங்காக வைத்து, ஏற்றிய அளவிலேயே பாட்டி போட்டிருந்தால்? தனியாக வசிப்பவர். சர்க்கரை இறங்கி விழுந்தால் அடுத்த நாள் வரை யாருக்கும் தெரியாது. உடனே டாக்டருக்குப் போன் செய்து அளவைக் குறைத்தோம். வார்டில் இந்தத் தவறு நடக்காது. அங்கே இன்சுலினை வைப்பது நாம், எடுப்பது நாம், போடுவதும் நாம். வீட்டில் அந்த மூன்றும் நம் கையில் இல்லை. கைவேலை மறந்துவிடும் என்கிற உங்கள் சீனியரை ஒரு நாள் அழைப்பு மணி இல்லாத, பக்கத்தில் டாக்டர் இல்லாத மூவறை வீட்டில் உட்கார வைத்துப் பாருங்கள். படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை இரத்த அழுத்தம் பார்த்து, மேல் எண் 20க்கு மேல் இறங்குகிறதே என்று கண்டுபிடித்து, அது எந்த மாத்திரையால் என்று, மருந்து போட்டு வைத்திருக்கும் பிஸ்கட் டின்னைக் கிளறி யோசிப்பதும் கைவேலைதான்.

சரி, படிப்புக்கு வருவோம்.

அந்தத் தாத்தா வீட்டுக்குப் போவதுதான் உங்கள் ஆசை என்றால், தோழி சொல்வது சரி. பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் நடக்கும் அட்வான்ஸ்டு டிப்ளோமாக்கள் பதிவு பெற்ற தாதிகளுக்கென்றே அமைந்தவை. சமூகச் சுகாதாரம், முதியோர் பராமரிப்பு, இறுதிக்காலப் பராமரிப்பு என்று தனித்தனியாகப் பிரிந்திருக்கும். படிப்போடு களப்பயிற்சியும் வரும். அந்தக் களப்பயிற்சியின் தரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சேரும் முன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: பயிற்சிக் காலத்தில் யாருடன் போவீர்கள், எத்தனை வீடுகளுக்கு, கூட வருபவர் உங்களைச் செய்ய விடுவாரா, பார்க்க மட்டும் விடுவாரா? முன்பு படித்தவர் ஒருவரைப் பிடித்துக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

அதற்கு மேலே ஏற வேண்டும் என்றால் ஏபிஎன், அதாவது மேம்பட்ட தாதிமைப் பணி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2003லிருந்து இதற்கான முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. இப்போது அது ஆலிஸ் லீ தாதிமைக் கல்வி நிலையத்தின் கீழ் இருக்கிறது. பட்டம் வாங்கியதும் ஏபிஎன் ஆகிவிட முடியாது. மேற்பார்வையில் இன்டர்ன்ஷிப் முடித்து, சிங்கப்பூர்த் தாதிமை வாரியத்தின் சான்று பெற வேண்டும். 2018ல் தொடங்கிய கூட்டு மருந்துப் பரிந்துரைப் பயிற்சியையும் முடித்தவர்கள், மருத்துவருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு உட்பட்டு மருந்தே எழுதுகிறார்கள். பலதுறை மருந்தகங்களில் நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளை இவர்கள் தனியாகப் பார்ப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். பாட்டியின் வீட்டிலிருந்து டாக்டருக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருந்தேனே, அந்த இடத்தில் ஒரு ஏபிஎன் இருந்திருந்தால் கதை இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும். நோயாளியை விட்டு விலகாமல் உயர வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் காட்டும் வழி இதுதான். ஆனால் லேசான படிப்பு இல்லை, பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

அப்புறம் உங்கள் கணவரின் எம்பிஎச். தேசியப் பல்கலைக்கழகத்தின் சோ சுவீ ஹாக் பொதுச் சுகாதாரப் பள்ளியில் முழு நேரமாகவும் பகுதி நேரமாகவும் படிக்கலாம். உங்களிடம் பட்டம் இருப்பதால் கதவு மூடியில்லை. ஆனால் உள்ளே என்ன சொல்லித்தருவார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். அங்கே புண், ஊசி, கட்டு எதுவும் இருக்காது. நோய்ப்பரவல் இயல், புள்ளியியல், சுகாதாரக் கொள்கை, திட்டங்களை மதிப்பிடுவது என்று போகும். வார்டிலிருந்து வருகிறவர்கள் பாதிப் பேர் முதல் பருவத்தில், "இதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்று முழிப்பார்கள்.

சம்பந்தம் இருக்கிறது, ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இரண்டு புளோக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன ஆண்டு முதலாவதில் 6 முதியோர் விழுந்தார்கள், இரண்டாவதில் 9 பேர். கைப்பிடி பொருத்தவும் உடற்பயிற்சி வகுப்பு நடத்தவும் ஒரு புளோக்குக்குத்தான் பணம் இருக்கிறது. எதற்குக் கொடுப்பீர்கள்? 9 பேர் விழுந்த இடத்துக்கு என்றுதான் கை போகும். முதலாவதில் இருக்கும் முதியோர் 30 பேர்தான், இரண்டாவதில் 90 பேர் என்று தெரிந்ததும் கணக்கு தலைகீழாகிறது. முதலாவதில் ஐந்தில் ஒருவர் விழுகிறார், இரண்டாவதில் பத்தில் ஒருவர். வார்டில் நமக்கு, மொத்தம் எத்தனை பேரில் என்று வகுக்கும் அந்தக் கீழ் எண்ணைப் பற்றிக் கவலையே இல்லை, படுக்கையில் இருப்பவர்தான் உலகம். பொதுச் சுகாதாரம் முழுக்கவும் அந்தக் கீழ் எண்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூத்தோர் நிலையத்தில் பரிசோதனை முகாம் போடுகிறோம், 50 பேர் வருகிறார்கள், எல்லாருடைய சர்க்கரையும் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. அறிக்கையில் வெற்றி என்று எழுதுகிறோம். யார் வந்தது? காலையில் தாய்சி ஆடுகிறவர்கள், கேரம் விளையாட வருகிறவர்கள், போன மாதமும் வந்தவர்கள். ஒன்பதாம் மாடியில் கதவைத் திறக்காமல் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கும் அங்கிள் வரவில்லை. அவர் சர்க்கரைதான் நமக்கு வேண்டும். வந்தவர்களை மட்டும் எண்ணி ஏமாறாமல் இருப்பதற்குப் பயிற்சி வேண்டும். எம்பிஎச் கொடுக்கும் உருப்படியான விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். கதவைத் திறக்க வைக்கும் வித்தையை அது சொல்லித்தராது. அது உங்களிடம் ஏற்கெனவே பாதி இருக்கிறது.

நாத்தனார் சொல்லும் ஹெல்த் விசிட்டர் படிப்பு உண்மையிலேயே நல்ல படிப்பு. ஆனால் அது அந்த நாட்டுப் பதிவேட்டோடு சேர்த்துத் தைத்த சட்டை. பிரிட்டனின் தாதியர் மன்றம் 2004லிருந்து தன் பதிவேட்டில் சமூகப் பொதுச் சுகாதாரத் தாதிகளுக்கென்றே மூன்றாவது பகுதி ஒன்றை வைத்திருக்கிறது. குழந்தை பிறந்த வீடுகளுக்குப் போகும் ஹெல்த் விசிட்டர், பள்ளித் தாதி, பணியிடத் தாதி ஆகியோர் அதில் வருவார்கள். அதில் சேர, முதலில் அங்கே பதிவு பெற்ற தாதியாகவோ மருத்துவச்சியாகவோ இருக்க வேண்டும். முழு நேரமாகப் படித்தால் ஏறத்தாழ ஓராண்டு, அதில் ஏறத்தாழப் பாதி அங்கேயே களத்தில் போகும். நம் தாதிமை வாரியத்தின் பதிவேட்டில் அப்படித் தனிப் பகுதி கிடையாது. அங்கே குடிபோகிறீர்கள் என்றால் படியுங்கள், ஈசூனில் இருந்தபடி அந்தப் பெயருக்காகப் பணம் கட்டாதீர்கள்.

எம்பிஎச்சுக்கு உங்கள் கணவர் அவசரப்படுவதற்குக் காரணம் புரிகிறது. நோய் வரும் முன் காக்கும் தேசியத் திட்டமான ஹெல்தியர் எஸ்ஜி 2023 ஜூலையில் தொடங்கியதிலிருந்து குடும்ப மருத்துவர், மூத்தோர் நிலையம், வீட்டுப் பராமரிப்பு என்றே பேச்சு. 2030ல் சிங்கப்பூரர்களில் நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். வேலை வரும் என்பதில் சந்தேகமில்லை. (புதுசு என்றும் நினைத்துவிடாதீர்கள். ஐடா சிம்மன்ஸ் என்ற பொதுச் சுகாதாரத் தாதி 1927ல் இங்கே வந்து, கம்பங்களில், அதாவது கிராமங்களில், பிள்ளை பெற்ற தாய்மார்களைத் தேடிப் போகும் சேவையைக் கட்டி எழுப்பினார். வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் ஹோம் நர்சிங் ஃபவுண்டேஷன் தொடங்கியது 1976ல். நடுவில் நாம்தான் மருத்துவமனைக் கட்டடத்துக்குள் போய்ப் பூட்டிக்கொண்டோம்.) அதற்காக, களத்தில் ஒரு நாள்கூட நிற்காமல் எம்பிஎச் சேருவதை நான் ஆதரிக்க மாட்டேன். அப்படிப் படித்துவிட்டுத் திட்டம் தீட்ட உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கையேடு அச்சடிப்பார்கள். நான்கு மொழியிலும் அழகாக இருக்கும், பாட்டி அதன் மேல் ஊறுகாய் பாட்டிலை வைத்திருப்பார்.

என் யோசனை இது. முதலில் உங்கள் தாதிமை மேலாளரிடம் பேசி, உங்கள் மருத்துவக் குழுமத்தின் சமூகத் தாதிக் குழுவோடு சில வாரம் போய்வர முடியுமா என்று கேளுங்கள். பொது மருத்துவமனைகளை நடத்தும் மூன்று குழுமங்களிலும் அப்படிக் குழுக்கள் இருக்கின்றன, மூத்தோர் நிலையங்களிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். பிடித்தால் இடமாற்றம் கேளுங்கள். ஓராண்டாவது நடங்கள். அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும், ஒரு வீட்டை விட்டு வரும்போது அந்த வீட்டை நினைக்கிறீர்களா, இல்லை, "இந்த வரிசையில் எல்லா வீட்டுக் குளியலறையும் இப்படித்தான் இருக்குமோ" என்று நினைக்கிறீர்களா என்று. முதலாவது என்றால் அட்வான்ஸ்டு டிப்ளோமா, பிறகு ஏபிஎன். இரண்டாவது என்றால் எம்பிஎச்.

இப்படிக் கொஞ்சம் தள்ளிப்போடுவதில் பணமும் மிச்சம். உங்களுக்கு 38. 40 ஆனதும் படிப்புச் செலவுக்காக அரசாங்கம் தரும் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை கணக்கில் வந்து விழும், 2024 மே மாதத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. எல்லாப் படிப்புக்கும் செல்லாது, பட்டியலில் இருக்கும் படிப்புக்குத்தான். அங்கீகரித்த பல படிப்புகளுக்கு 40 வயதுக்கு மேல் கட்டண மானியமும் கூடுதல். தகுதியுள்ள முழு நேரப் படிப்புக்கு மாதம் 3,000 வெள்ளி வரை பயிற்சிப்படியும் உண்டு. சேரும் முன் அந்தந்தப் படிப்பின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். முதலாளி செலவில் படிக்கப் போகிறீர்கள் என்றால் பாண்ட், அதாவது அங்கேயே வேலை பார்த்தாக வேண்டிய ஒப்பந்தம், எத்தனை ஆண்டு, இடையில் வேறு பிரிவுக்கு மாற்றினால் என்ன ஆகும், படிப்பு முடிந்ததும் சமூகப் பணியிலேயே வைப்பார்களா, வார்டில் ஆள் இல்லை என்று திரும்ப இழுப்பார்களா என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கடைசியாகச் சொன்னது எனக்குத் தெரிந்த பிள்ளைக்கே நடந்திருக்கிறது. சான்றிதழோடு வந்து மறுபடி நைட் ஷிஃப்ட் பார்த்தது.

சம்பளம்: ஒரே குழுமத்துக்குள் மாறினால் அடிப்படைச் சம்பளத்தில் பெரிய இடி விழாது, ஆனால் இரவுப் பணிப்படி போய்விடும். அந்தத் தொகையை இப்போதே மூன்று மாதச் சம்பளச் சீட்டில் கூட்டிப் பாருங்கள். வீட்டுக் கடன் அதை நம்பி ஓடுகிறதா? அறநிறுவனங்களுக்குப் போவதென்றால் சம்பள அளவு இடத்துக்கு இடம் மாறும். 2024ல் அறிவித்த ஏஞ்சல் திட்டத்தை மறந்துவிடாதீர்கள். பொதுத்துறை மருத்துவச் சேவையில் தொடர்ந்து இருக்கும் தாதிகளுக்கு 20 ஆண்டுகளில் 1,00,000 வெள்ளி வரை தவணை தவணையாக வருகிறது. போகும் இடத்தில் அது தொடருமா, இதுவரை சேர்ந்த ஆண்டுகள் என்ன ஆகும் என்று மனிதவளப் பிரிவில் கேட்காமல் ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள்.

தமிழ் பேசும் தாதி என்பதால் உங்களுக்கு ஒரு வசதியும் ஒரு தொல்லையும் காத்திருக்கின்றன. பேட்டையில் எந்தத் தமிழ்ப் பாட்டிக்கு எது என்றாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். மொழிபெயர்க்க மட்டும் வந்து போகிறவராக ஆகிவிடாதீர்கள். கூட வந்த சக ஊழியர், "மாத்திரை சாப்பிடுகிறாரா?" என்று கேட்கச் சொன்னால், "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டு, "ஆமா" என்ற பதிலைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். "எங்க வெச்சிருக்கீங்க, காட்டுங்க பாட்டி" என்று எழுந்து கூடவே நடங்கள். ஃப்ரிட்ஜின் மேல்தட்டு வரைக்கும்.

களத்துக்குப் போகும் முதல் நாள் லேஸ் கட்டும் ஷூ வேண்டாம். ஒரு நாளில் ஏழெட்டு வாசலில் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். காலுறையில் ஓட்டை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், பாட்டிகள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.